அவள் தவறவிட்ட தேதிகள்

காலையில் சற்று நடந்துவிட்டு வருவது என் பழக்கம். திரும்பும்போது வாசல் பெட்டியில் தபால் இருந்தால் எடுத்துக்கொண்டு வருவேன். எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் செய்கிற வேலைதானே, மேடம்.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் என் தங்கை மாடியில் இருக்கிறாள். கட்டட வரைபடம் வரைகிறவள். அவள் போட்ட கோடு மயிரிழை பிசகாது. மூன்று வருடத்துக்கு முன் மூளைக்காய்ச்சலில் படுத்தாள். இரண்டு மாதம் என்னையே யாரென்று கேட்டாள். அப்போதுதான் நீதிமன்றம் என்னை அவளுக்குப் பாதுகாவலராக நியமித்தது.

குணமானதும் அந்த உத்தரவை நீக்கச் சொல்லி மனு போட்டாள். வக்கீல் வைக்க என் கையெழுத்து வேண்டும். நான் போடவில்லை.

"பரவால்ல. என் வழக்கை நானே பேசிக்கிறேன்" என்றாள்.

வெளியூரில் ஒரு பொறியாளர் அவளுக்கு வேலை தரக் காத்திருந்தார். வழக்கு முடிந்தால் போய்விடுவாள். என் மனைவி விட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் ஓர் ஆள் வேண்டாமா?

மருத்துவச் சான்றிதழைப் பதினைந்து நாளுக்குள் தாக்கல் செய்யச் சொல்லி அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. அதை என் மருந்துக்கடைக்குக் கொண்டுபோய் இழுப்பறையில் வைத்தேன். கிழித்துப் போட மனம் வரவில்லை. பதினேழாம் நாள் பிரித்து, அவளுடைய வரைபடத் தாள்களுக்கு அடியில் செருகினேன்.

கண்டெடுத்தபோது அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணா, இது எப்ப வந்துச்சு?"

"நீதானேம்மா வாங்கிப் பிரிச்ச. மறந்துட்டியா?"

வெகுநேரம் அந்த உறையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிமன்றம் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. நேரில் ஆஜராக வேண்டிய தேதியைச் சுவரில் எழுதினாள், கண்ணாடியில் எழுதினாள், உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டாள். அன்று காபி நான் போட்டேன். முப்பது வருடமாக மருந்து கொடுக்கிறவன். எவ்வளவு கலந்தால் எவ்வளவு நேரம் தூங்குவாள் என்று எனக்குத் தெரியாதா?

நான் மட்டும் நீதிமன்றத்துக்குப் போனேன்.

"ஒரு தேதியக்கூட ஞாபகம் வச்சுக்க முடியாதவங்க தனியா எப்படிங்க இருப்பாங்க?" என்று நீதிபதி கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல வராது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மனு தள்ளுபடியாயிற்று.

வீடு திரும்பியபோது, புறப்படுவதற்காக எடுத்துவைத்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்ணா என்னை எழுப்பல?"

"மூணு தடவ எழுப்பினேன். இதோ வரேன்னு சொன்னியேம்மா."

அவள் அழவில்லை. ஒரு வாரம் கழித்து, பென்சில்களையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "நீ சொன்னதுதான் சரி. என் தலை எனக்கே சொந்தமில்ல. என்னைத் தனியா விட்டுடாத" என்றாள். அவ்வளவு பிரியமாக அவள் என்னிடம் பேசியதே இல்லை.

அந்தப் பொறியாளர் புகார் கொடுத்ததாகச் சொன்னீர்கள். நல்ல மனிதர்தான். கடிதத்தை மறைத்தது நான். காபியில் மருந்து கலந்தது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அடைத்துவைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மாடிக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. இப்போதெல்லாம் அவளே உள்ளே போட்டுக்கொள்கிறாள்.