வீட்டுக்கு ஒரு ஜோடி

அந்தப் பேனா எழுதாதுண்ணே. உதறாதீங்க, உதறினாலும் எழுதாது. காலையிலேருந்து அப்படித்தான் கெடக்கு. வேற பேனாவா? ஆபீஸ்ல கேக்கணும், ஆபீஸ்ல இப்ப டீ நேரம். இந்த அரண்மனையில சுல்தான் இல்லாம நூறு வருஷம் ஓடிருச்சு, டீ இல்லாம அஞ்சு நிமிஷம் ஓடாது. உக்காருங்க. அண்ணி, நீங்களும் உக்காருங்க. இது சும்மா பெஞ்சுதான், உக்காந்தா மணி அடிக்காது.

பாருங்க, அண்ணி சிரிச்சுட்டாங்க. அண்ணனுக்குத்தான் இன்னும் கோவம் இறங்கல.

ஷூ மேல மாட்டின அந்த உறையைக் கழட்டி இப்படிக் குடுங்க. நான்தான் உள்ள போறப்ப உங்களுக்குக் குடுத்தேன். ஞாபகம் இல்லையா? யாருக்கும் இருக்காது. வாசல்ல நீல பிளாஸ்டிக் உறை நீட்டறவன் மூஞ்சியை யாரு பாக்கறா. நானும் மூஞ்சி பாக்கறதில்ல, காலுதான். ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் ஜோடி. உள்ள போறப்ப ஒவ்வொரு காலும் சுல்தான் கால் மாதிரி போகும். வெளிய வர்றப்ப எல்லாமே மூட்டை தூக்கினவன் கால். என் காலா? அதைக் கேக்காதீங்க. அது இருக்கான்னே தெரியல.

இதுவா? இது புதுசு, என் பாக்கெட்ல ஒரு ஜோடி எப்பவும் இருக்கும். வேற எடத்துக்கு.

எந்த ஊரு? கைசேரியா. அப்ப நான் சூதானமா பேசணும், உங்க ஊர்க்காரங்க கிட்ட பேரம் பேசி ஜெயிச்சவன் இன்னும் பொறக்கல.

பேனா வர்ற வரைக்கும் இதைப் படிங்க, மத்தவங்க எழுதினது. பாத்தவங்க மனசுல பட்டதை எழுதறதுக்குத்தான இந்த நோட்டு. இந்தா, அடானாக்காரர் ஒருத்தர், கபாப்புக்குப் பேர் போன ஊரு. எல்லாம் பிரமாதம், ஆனா நாப்பது ரூம்ல ஒரு ரூம்லகூட கபாப் இல்லன்னு எழுதியிருக்காரு. இது புதுசா கல்யாணம் ஆன பொண்ணு. எங்க மாமியாருக்கும் இப்படி ஒரு வீடு இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவைதான் எதிர்ப்படுவோம்னு. இந்த ஜெர்மன்காரர் நாலு பக்கம், முழுக்க சரவிளக்கோட கணக்கு. இந்த அம்மாவுக்கு ஊரு ட்ரப்ஸோன். நாலாவது ரூம் திரைச்சீலையில தூசின்னு போன வருஷம் எழுதிச்சு. இந்த வருஷம் மறுபடி வந்து எழுதியிருக்கு, அதே தூசி, பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுதுன்னு.

நீங்க எழுதப் போறதும் தெரியும். நடந்ததை நான் சொல்லவா? மேல, சுல்தானோட அம்மா ரூம். வாசல்ல செவப்புக் கயிறு, பக்கத்துல நாற்காலி, நாற்காலியில நரைமீசை வெச்ச ஒரு பெரியவர். உங்களைப் பாத்ததும் எழுந்தாரு. வாங்க வாங்கன்னாரு. கயிறை அவுத்தாரு. ஷூவைக் கழட்ட வெச்சாரு. நீங்க வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல, இருநூறு வருஷத்துத் திவான் சோபாவுல உக்கார வெச்சு முதுகுக்குத் திண்டு குடுத்தாரு. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஊத்தற மாதிரி உள்ளங்கையில எலுமிச்சை வாசனை கொலோன் ஊத்தினாரு. டீ வருதுன்னாரு. டீ வரல, மணி அடிச்சுது. காவலாளுங்க ஓடி வந்தாங்க. ஏதோ திருட வந்தவன் மாதிரி உங்களை எழுப்பி நிறுத்தினாங்க. அத்தனை பேர் முன்னால, வெறும் சாக்ஸ்ல. கோவம் வரும்ணே. எனக்கே வரும்.

உங்க ஷூவை எப்படி வெச்சிருந்தாரு? முனையை வெளிப்பக்கம் திருப்பி, ஜோடியா? போறப்ப விருந்தாளி குனிஞ்சு திருப்பக் கூடாதுன்னு. ம். நல்லா வெச்சிருப்பாரு.

ஹில்மின்னு பேரு. இருபத்தாறு வருஷமா அந்த நாற்காலி. ஒரு தம்ளரைக்கூட எடம் மாத்தினது கிடையாது. இந்த மே மாசத்துலேருந்துதான் இப்படி. மொதல்ல ஒரு அம்மா கையில கொலோன் ஊத்திட்டாரு, அந்தம்மாவுக்கு அது ஒத்துக்காது, கை செவந்துருச்சு. அது ஒரு புகார். போன வாரம் ஒரு வாத்தியாரை சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு கையைப் புடிச்சு வெச்சுக்கிட்டாரு, பாவம், அவர் பஸ் போயிருச்சு. அது ரெண்டு. இந்த நோட்டு வெள்ளிக்கிழமை மேல போகும். இன்னொரு புகார் வந்தா வீட்டுக்கு அனுப்பிருவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. காவலாளுங்க வாயை நான் அடைச்சுக்கறேன், அவங்களுக்கு அவர் மேல பிரியம். நோட்டுல ஏறினதைத்தான் அழிக்க முடியாது. இன்னைக்கு வியாழன். உங்க கையில பேனா.

வயசானா வீட்டுல இருக்க வேண்டியதுதானே, அதுல என்ன கஷ்டம்ங்கறீங்க. நியாயந்தான். எல்லாரும் வீட்டுக்குப் போகத்தான ஆசைப்படறாங்க.

நானா? நான் படிச்சேன். கப்பல் இன்ஜினியரிங், ரெண்டு வருஷம். மே மாசம் விட்டுட்டேன். இல்லல்ல, ஃபெயில் எல்லாம் இல்ல. கப்பல் பெருசு, என்னால தூக்க முடியல. அதை விட பிளாஸ்டிக் உறை லேசு. அண்ணி எங்க அத்தை மாதிரியே பாக்கறீங்க. அவங்களும் இப்படித்தான் பாப்பாங்க, அப்பறம் அழுவாங்க. நீங்க அழ வேணாம், இங்க அழுதா துடைக்கறதும் நான்தான்.

சரி, ஒண்ணு கேக்கவா. திவான்ல உக்கார வெச்சாருல்ல. அப்ப உங்களைப் பேர் சொல்லி ஏதாவது கூப்பிட்டாரா? நல்லா யோசிச்சு சொல்லுங்க.

கொராயா.

கொராய்னுதான் சொன்னாரா? சரியா கேட்டீங்களா?

கொராய் வந்துட்டியாடா, மெலிஞ்சு போயிட்டியே, அம்மா டீ போட்டுட்டிருக்கான்னு... ஒண்ணுமில்ல அண்ணி. தூசி. ட்ரப்ஸோன் அம்மா சொன்ன அதே தூசி.

அம்மா போய் நாலு வருஷம் ஆச்சு.

என் சட்டையில பேர் அட்டை குத்தியிருக்கே, அதைத் திருப்பிப் பாருங்க. நான்தான் திருப்பி வெச்சேன், யாரும் நீ அவருக்குச் சொந்தமான்னு கேக்கக் கூடாதுன்னு. ஆமா. கொராய்.

கடைசியா அவர் என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டது எப்பன்னு யோசிச்சுப் பாத்தேன், தெரியல. கடைசின்னு அப்ப தெரிஞ்சிருந்தா காது குடுத்துக் கேட்டிருப்பேன். ஏண்டா சோம்பேறின்னு சேத்துத்தான் கூப்பிட்டிருப்பாரு. இங்க வர்றவன் போறவன் எல்லாம் அவருக்கு வீட்டு ஆளு. உங்களுக்குக்கூட அவர் அப்பாவா ஆயிட்டாரு, அஞ்சு நிமிஷம். கைசேரிக்காரர் எங்க போனாலும் லாபம்தான்.

வீட்டுல வேற மாதிரி. அஞ்சரைக்கு இங்கேருந்து கூட்டிட்டுப் போவேன், படகுல பக்கத்துல உக்காருவேன். மரியாதையா பேசுவாரு. எந்த ஊர்லேருந்து வர்றீங்க தம்பின்னு கேப்பாரு. தினம் ஒரு ஊர் சொல்றேன். இன்னைக்கு கைசேரின்னு சொல்லலாம்னு இருக்கேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் அவருக்கு டூட்டி ஆரம்பம். இது முன்னறை சார், இது அந்தக் காலத்து சோபா சார், தொடாதீங்க. இன்னைக்குக் காலையில குளிச்சுட்டு வெறுங்காலோட அடுப்படிக்குள்ள போனேன். பார்வையாளர்களுக்கு இந்தப் பக்கம் அனுமதி இல்லைன்னு தோளைத் தொட்டு, மெதுவா, மரியாதையாத்தான் வெளிய கொண்டு வந்து விட்டாரு. நல்ல வேலைக்காரர்ணே எங்கப்பா. இருபத்தாறு வருஷ அனுபவம்.

அதான். வீட்டுக்கு அனுப்பினா அவருக்கு வீடு இல்ல. இந்த நாற்காலியிலதான் வீட்டுல இருக்காரு.

இந்தாங்க ரீஃபில். பேனா எழுதாதது இதனாலதான், காலையிலேருந்து என் சட்டைப் பையிலதான் இருக்கு. நல்லது எழுத வர்றவங்களுக்கு மட்டும் மாட்டிவிடுவேன். உங்களையும் ஏமாத்தி அனுப்பலாம்னுதான் இருந்தேன். என் பேரைச் சொன்னதுக்கப்பறம் முடியல. என்ன வேணா எழுதுங்க, நடந்தது நடந்ததுதான். எழுதறதுக்குள்ள நான் போய்க் கதவு சாத்தணும், அவர் கோட்டு மாட்டிக்கிட்டு நிப்பாரு.

என்ன அண்ணி? இந்த ஜோடியா, இது எந்த எடத்துக்குன்னா?

எங்க வீட்டுக்குத்தான். உறை மாட்டலன்னா உள்ள விட மாட்டேங்கறாரு.