கேட்டுத்தான் வெட்டினேன்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் படுத்திருக்கிற செவலை நாய்க்கு வலது காதில் உண்ணி பிடித்திருக்கிறது, இன்ஸ்பெக்டரம்மா. இரண்டு நாள் வேப்பெண்ணெய் தடவினால் உதிர்ந்துவிடும். உள்ளே வரும்போதே உங்கள் ஏட்டையாவிடம் சொன்னேன். கைவிலங்கோடு வந்தவன் நாய் வைத்தியம் பேசுகிறானே என்று அவர் கண்டுகொள்ளவில்லை. நீங்களாவது கவனியுங்கள். வாயில்லாத ஜீவன்.

என் பெயர் சின்னக்கருப்பன். வயது எழுபத்திரண்டு. திருமங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊர்க் கருப்பு கோயிலில் நாற்பத்து மூன்று வருடமாகக் கிடா வெட்டுகிறவன். ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு என் அரிவாளுக்குத் தெரியாது. தலை மணலில் விழுந்த பிறகும் வாயிலிருந்த வேப்பிலையை அரை நிமிடம் மென்ற கிடாகூட உண்டு. அது தின்று முடிக்கட்டும் என்று நாங்கள் எல்லோரும் மரியாதையாக நின்றோம்.

இம்மானுவேல் விஷயத்துக்கு வருகிறேன். அவனுடைய செல்போன் உங்களிடம் இருக்கிறது. அதில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, கடைசி முக்கால் மணி நேரம் மட்டும் இல்லை என்கிறீர்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் நியாயம் விளங்கும்.

நான் இதுவரை ஓர் உயிரையும் கேட்காமல் வெட்டியதில்லை. கிடாவைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, சாமி முன்னால் நிறுத்தி, தலையில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். பிறகு காத்திருப்போம். கொட்டு நின்றுவிடும். கைப்பிள்ளைகள்கூட அழாது. கிடா உடம்பை ஒரு உதறு உதறும். அதைத்தான் துலுக்குவது என்கிறோம். துலுக்கினால் சம்மதம். துலுக்காவிட்டால் வெட்டக்கூடாது, என்ன குறை வைத்தோம் என்று சாமியிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி ஊற்ற வேண்டும். மேலூரிலிருந்து வந்த ஒரு கிடா மூன்று நாள் துலுக்கவில்லை. நாலாம் நாள், கொண்டுவந்தவர் தாடியோடு அதன் காலில் விழுந்தார். அது அவருடைய ரேஷன் கார்டைத் தின்றுவிட்டு மேலூருக்கே நடந்து போய்விட்டது. இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் சுவரொட்டி தின்றுகொண்டு உயிரோடு இருக்கிறது. போனால் பாருங்கள்.

நீங்கள் எந்தக் கடையில் கறி வாங்குகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. பிராய்லர் கடையில் கோழியை என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். கழுத்தில் ஒரு கீறல், தூக்கி டிரம்முக்குள். உள்ளே தட் தட் என்று அடித்துக்கொள்ளும். வெளியே நிற்கிறவர் போனில் பேசிக்கொண்டே தோல் வேண்டாம் என்பார். அந்தக் கோழியிடம் யார் கேட்டார்கள்? நான் கேட்டேன். நாற்பத்து மூன்று வருடமும் கேட்டேன். அதனால்தான் படுத்த உடனே எனக்குத் தூக்கம் வந்தது.

போன மாசித் திருவிழாவுக்கு இம்மானுவேல் வந்தான். மதுரையில் அரசரடிப் பக்கம் வீடு. அடிபட்ட தெருநாய்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கட்டுப்போடுகிற பையன். இருபத்தாறு வயது. அவன் வேறு சாமி கும்பிடுகிறவன் என்பதால் எனக்கு ஆகவில்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அது சுத்தப் பொய். அவன் தன் சர்ச்சிலும் அசன விருந்தில் எதற்கு ஆட்டுக்கறி என்று சண்டை போட்டுவிட்டு வந்தவன். எல்லாச் சாமியிடமும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டான்.

அன்று அவன் கூச்சல் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. கையில் ஒரு தண்ணீர் பாட்டில். நேர்த்திக்கு வராத, சும்மா லாரிச் சக்கரத்தில் கட்டியிருந்த ஓர் ஆட்டின் காதுக்குள் கொஞ்சம் ஊற்றினான். அது துலுக்கியது. கோயில் வாசல் நாயின் காதில் ஊற்றினான். அதுவும் துலுக்கியது. டீக்கடை விருமாண்டியின் பசு மாடு துலுக்கியது. அப்புறம் எங்களைப் பார்த்துச் சொன்னான்.

“அண்ணே, காதுக்குள்ள தண்ணி போனா எந்த மிருகமும் ஒதறும். இதுக்குப் பேரு சம்மதமா?”

கூட்டம் சிரித்துவிட்டது. சாமி கோபித்துக்கொள்ளும் என்று அவர்கள் பயந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன். சிரித்தார்கள். அடுத்த கிடாவுக்கு நான் ஊற்றி அது துலுக்கியபோது இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

மறுநாள் விருமாண்டி கடைக்குப் போனேன்.

“வாங்கண்ணே. இந்தா, ஒரு சொம்பு என் காதுல ஊத்துங்க. சம்மதம் சொல்லிட்டு டீயை ஆத்துறேன்.”

“ஒன் கழுத்துக்கு என் அருவா பத்தாதுடா.”

“அதான பாத்தேன். மனுசன்னா யோசனை வருதுல்ல?”

வீட்டில் அழகம்மாள். ஐம்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். நான் கொண்டுவருகிற கிடாத் தலையை எல்லாம் வாட்டிக் குழம்பு வைத்தவள். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“ஏய்யா, அம்புட்டு வருசமும் காதுக்குள்ளதான் ஊத்துனியா?”

“தலையிலதான் ஊத்துனேன். வழிஞ்சு போயிருக்கும்.”

“வழிஞ்சு எங்க போகும்னு ஒனக்குத் தெரியாதாக்கும்.”

மறுநாள் காலையில் எங்கள் ஆட்டுக் கொட்டத்தில் நின்ற கருப்புக் கிடாவுக்கு இரண்டு காதையும் துணியால் பொத்திக் கட்டி, தலையில் தண்ணீர் ஊற்றினேன். பொழுது சாய்கிற வரைக்கும் பதினேழு சொம்பு. அது துலுக்கவில்லை. நின்ற இடத்திலேயே என் வேட்டி நுனியை முக்கால் முழம் தின்றது. கட்டை அவிழ்த்துக் காதுப் பக்கம் ஒரு சொட்டு விட்டேன். உடனே துலுக்கியது.

என் கையை எடுத்துப் பார்த்தேன். சொம்பைப் பிடித்தால் மணிக்கட்டு தானாக இடது பக்கம் சாய்கிறது. இது எப்போதிலிருந்து சாய்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் சாய்க்கச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை, அம்மா. ஆயிரத்துச் சொச்சம் கிடா. எல்லாம் வேண்டாம். ஒன்று, ஒரே ஒன்று, விஷயம் தெரிந்து துலுக்கியிருந்தால் போதும் என்று இருந்தது. ஆனால் கிடாவிடம் விஷயத்தை எப்படித் தெரிவிப்பது? அரிவாளைக் காட்டினால் மோந்து பார்க்கிறது. பேச்சுப் புரிகிற உயிரிடம் கேட்டால்தான் பதில் பதிலாக இருக்கும். இதை யோசித்து முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. நான் அவசரக்காரன் இல்லை.

இம்மானுவேலுக்குப் போன் போட்டு, நீ சொன்னதுதான் சரி, இனி வெட்டுவதாக இல்லை என்றேன்.

“நெசமாவா தாத்தா? கேமரா முன்னாடி சொல்லுவீங்களா?”

“சொல்றேன், வாப்பா.”

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் தென்னந்தோப்புக்கு வந்தான். அழகம்மாள் மேலூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். மோட்டார் ரூமில் வெளிச்சம் நன்றாக விழும் என்று அங்கேதான் போனை நிறுத்தினான். அவனை எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அவனே அந்தச் சிரமத்தை எனக்கு மிச்சம் பண்ணினான்.

“தாத்தா, சும்மா பேசுனா எவன் பாப்பான்? நான் கெடா மாதிரி நிக்கிறேன். எனக்கு மாலை போட்டுத் தண்ணி ஊத்துங்க. கெடா எடத்துல மனுசன் நின்னா எப்பிடி இருக்கும்னு சனம் பாக்கட்டும்.”

“கட்டணுமேப்பா.”

“கட்டுங்க. நல்லா இறுக்கிக் கட்டுங்க. நெசம் மாதிரி தெரியணும்.”

இது போனில் இருக்கிறது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை போட்டுக் கேளுங்கள். கைகளையும் கால்களையும் கட்டி முட்டியில் நிறுத்தினேன். கழுத்துக் கயிற்றை மோட்டார்க் குழாயில் முடிந்தேன். தலை மட்டும் தாராளமாக ஆடும். அவன் கேமராவைப் பார்த்து நன்றாகப் பேசினான். லாரியில் கால் ஒடிந்து கிடக்கிற மாடுகளைப் பற்றி, டூவீலரில் தலைகீழாகத் தொங்குகிற கோழிகளைப் பற்றி. எனக்கே கண் கலங்கியது. பேசி முடித்தான்.

“அம்புட்டுத்தான் தாத்தா. அவுத்து விடுங்க.”

“இன்னும் கேக்கலையேப்பா.”

“என்னத்த?”

“சம்மதத்த.”

சிரித்தான். நான் மாடக்குழியிலிருந்து அரிவாளை எடுத்ததும் சிரிப்பு நின்றது. மோட்டாரைப் போட்டேன். சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்பதற்காகப் போட்டதாக உங்கள் ஏட்டையா எழுதியிருக்கிறார். அன்றைக்குத் தென்னைக்குத் தண்ணீர் விடுகிற நாள். இரண்டு காரணமும் உண்டு.

அவனிடம் முறையை விளக்கமாகச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. “பன்னெண்டு மணி வரைக்கும் ஊத்துவேன். துலுக்குனா சம்மதம்னு வெட்டுவேன். துலுக்கலேன்னா அவுத்து விட்டுருவேன். கருப்பு மேல சத்தியம்.”

பத்து நிமிடம் கத்தினான். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். கயிற்றை இழுத்ததில் கழுத்துத் தோல் உரிந்து மாலையில் ரத்தம் ஊறியது. பிறகு கும்பிட்டான், கை கட்டியிருந்ததால் விரல்களை மட்டும் சேர்த்தான். பிறகு அவனுக்கு விளங்கிவிட்டது. படித்த பையன். கத்துவதை நிறுத்தி, பல்லைக் கடித்து, அசையாமல் நின்றான்.

முதல் சொம்பு ஊற்றினேன். உச்சந்தலையில், காது படாமல். அசையவில்லை. கால் மணிக்கு ஒரு சொம்பு. மஞ்சள் தண்ணீர் கண்ணுக்குள் இறங்கியது. இமைக்கவில்லை. கட்டெறும்பு ஒன்று கன்னத்தில் ஏறி உதட்டைக் கடித்தது. உதடு வீங்கியது, தலை ஆடவில்லை. வாந்தி எடுத்தான், அதையும் தலையை ஆட்டாமல் எடுத்தான். இறுகிய கட்டில் விரல்கள் கருநீலமாகிவிட்டன. தோள்சதை தானாகத் துடித்தது. அதை நான் துலுக்கலாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் நியாயமான ஆள்.

பதினொன்றேகால் மணிக்குப் போன் அணைந்தது. இனி வருவதுதான் உங்களிடம் இல்லாதது.

பதினொன்றரைக்கு நான் அவன் காதில் ஊற்றினேன். அவன் எங்களுக்குக் காட்டிய வித்தைதான். இடது காது, பிறகு வலது காது. ஒரு முழுச் சொம்பு. ஆயிரத்துச் சொச்சம் கிடாவில் ஒன்றுகூடத் தாங்காததை அவன் தாங்கினான். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. தொண்டையில் ஏதோ ஒரு சத்தம். தலை மட்டும் கல்லில் அடித்த சிலை மாதிரி அப்படியே நின்றது. உயிர் மேல் இம்புட்டு ஆசையை நான் பார்த்ததில்லை, அம்மா. கிடாக்களுக்கும் இது இருந்திருக்குமோ என்று ஒரு யோசனை வந்தது. நான் அதை வளரவிடவில்லை.

உதட்டை அசைக்காமல் கேட்டான்.

“மணி என்ன தாத்தா?”

“பன்னெண்டு அஞ்சு.”

“நான் துலுக்கல தாத்தா.”

“இல்லப்பா.”

“சத்தியம் பண்ணிருக்கீங்க.”

“ஆமாப்பா.”

அவிழ்க்க வேண்டியதுதான். அவிழ்க்கத்தான் குனிந்தேன். முடிச்சில் கை வைத்தபோது, வெளியே போய் இவன் என்ன சொல்லுவான் என்று தோன்றியது. விஷயம் தெரிந்த உயிர் துலுக்காது என்று மூன்று மணி நேரம் நின்று காட்டிவிட்டான். இதை அவன் ஊருக்குச் சொன்னால், நான் வெட்டிய அத்தனையும் வெறும் கொலை என்று ஆகிவிடும். நாற்பத்து மூன்று வருடத்துக்கு நான் யார் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அவன் ஒருத்தன். அவை ஆயிரத்துச் சொச்சம். நீங்களே எடை போட்டுப் பாருங்கள்.

முடிச்சு எனக்கு எட்டட்டும் என்று அவன் கழுத்தை முன்னால் நீட்டிக் கொடுத்தான். நல்ல பையன். நன்றாக நீட்டியிருந்தான். ஒரே வெட்டு.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். அவன் சம்மதிக்கவில்லை என்று உங்கள் ஏட்டையா எழுதியிருப்பது தப்பு, அதைத் திருத்த வேண்டும். அவன் துலுக்கினான். தோளிலிருந்து குதிகால் வரைக்கும், அச்சாகக் கிடா மாதிரியே, ஒரு முழு உதறல். பக்கத்தில் நின்று என் கண்ணால் பார்த்தேன். தலை மட்டும்தான் அப்போது அவனிடம் இல்லை.