புளியமரத்து ஆணி

இரவு ஒன்பதரை மணி. கீழ்பென்னாத்தூர் ரோட்டில் கடைசி பஸ் மூர்த்தியை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து உள்ளே மண்பாதை... இரண்டு பக்கமும் மல்லாட்டை, அதான் வேர்க்கடலைக் கொல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கண்ணாயிரம், கதை முடியும்வரை நீ அந்தப் பீடியை அணை. பயம் இல்லாதவன் மாதிரி நடிக்க வேண்டாம்.

எண்பதாம் வருஷம், ஆடி மாசம். மூர்த்தி என் சிநேகிதன். திருவண்ணாமலையில் சைக்கிள் கடை வைத்திருந்தான். தங்கை பச்சையம்மாள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவள் புருஷன் தசரதன், மிலிட்டரியில் எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையைப் பார்த்துத் திரும்பியவன்.

திரும்பினது உடம்பு மட்டும்தான். விளக்கை அணைத்தால் போதும், பெண்டாட்டியைத் தரையில் தள்ளி வாயைப் பொத்துவான். "தலையத் தூக்காத... அவங்க இன்னும் போவல" என்பான். யார் என்று கேட்டால் இன்னும் அழுத்திப் பொத்துவான். விடியும்வரை அவள் மண்ணை மோந்துகொண்டு கிடப்பாள். ஏழெட்டு வருஷம் இப்படி.

டாக்டரிடம் கூட்டிப்போக ஊரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. தோன்றுமா? தசரதனின் அண்ணன் சகாதேவன் இருந்தானே, எதிலும் முந்திக்கொள்ளும் மகா புத்திசாலி, அவன் பேய் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். பூசாரி, உடுக்கை, வேப்பிலை, கோழி எல்லாம் வந்தன. கோழியை மட்டும் மிச்சமில்லாமல் கவனித்தார்கள்.

பேய் பிடித்தவனின் உச்சிமுடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிக்க வேண்டும். பேய் அங்கேயே நின்றுவிடும். அதுதான் வழக்கம். ஆனால் தசரதனுக்கு ஒட்ட வெட்டின மிலிட்டரி கிராப்பு. பிடிக்க ஒரு பிடி முடி இல்லை. பூசாரி முழித்தான்.

"பொண்டாட்டின்னா பாதி ஒடம்புதான? அவ முடிய அறுத்து அடிங்க" என்றான் சகாதேவன்.

அடித்தார்கள். இந்த மூளைகளுக்கு நடுவில்தான் அவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

அன்று முதல் தசரதன் குறட்டை விட்டுத் தூங்கினான். சகாதேவன் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான். பச்சையம்மாள்தான் தூங்கவில்லை. விளக்கு அணைந்ததும் மகள் உண்ணாமலையைத் தரையில் போட்டு வாயைப் பொத்தினாள். "தலையத் தூக்காத..." அதே பேச்சு. இத்தனை வருஷம் காதில் விழுந்தது வாயில் வராமல் என்ன செய்யும் என்றுதான் மூர்த்தி நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏழு வயசுக் குழந்தையையாவது தன்னோடு கூட்டிவந்துவிட வேண்டும் என்று அன்று கிளம்பியிருந்தான்.

தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கரண்ட் போனது.

பச்சையம்மாள் பொத்தென்று குப்புற விழுந்தாள். பிறகு ஒரு வாசனை... தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வருமே, அந்தக் கருகின மருந்து வாசனை. இருட்டில் ஒரு சின்னக் கை அவன் கையைப் பிடித்து இழுத்தது.

"மாமா, படுங்க. அவங்க இன்னும் போவல."

சிரிப்புதான் வந்தது அவனுக்கு. குழந்தை பாவம் என்று லேசாகக் குனிந்தான்.

விர்ர்ர்... காதை உரசிக்கொண்டு ஒன்று போனது. சுவரில் 'தப்' என்று ஒரு சத்தம். கழுத்தில் மண் உதிர்ந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. தசரதனின் குறட்டை மட்டும்.

விடிந்ததும் பார்த்தான். அவன் தலை இருந்த இடத்தில், மண்சுவரில், விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. விரலை விட்டான். உள்ளே இன்னும் சூடு. அதற்கு மேலே, சுவர் உச்சிவரைக்கும், சாணி வைத்து அடைத்த வட்டங்கள்.

சகாதேவன் பல்லைக் குத்திக்கொண்டே வந்தான். எட்டிப் பார்த்து, எலி என்றான். குழந்தையைக் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "பேயத்தான் ஓட்டியாச்சே. எங்க ஊட்டுக் கொழந்தய எதுக்கு அனுப்பணும்?" என்று கேட்டான். அவனிடம் என்ன பேச? தசரதன் எழுந்து, நன்றாகத் தூங்கின முகத்தோடு பல் விளக்கப் போனான்.

உண்ணாமலை ஒரு உருண்டை சாணியோடு வந்தாள்.

"தள்ளுங்க மாமா."

சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓட்டையை அடைத்தாள். உள்ளங்கையால் அழகாக மெழுகினாள்.

"மொதல்ல எல்லாம் ஒரல் மேல ஏறித்தான் அடைப்பேன்" என்றாள். "இப்ப ஒக்காந்துகினே எட்டுது."