கரைந்துபோன குழாய்

சாயங்காலம் நல்லூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் ஒரே பனியன் கம்பெனியின் அடையாள அட்டை. ஜன்னலோரம் இருந்த இளையவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் பின்னுன குழாய் காணாமப் போச்சுங்கக்கா. அதுக்கு எல்லாரும் கை தட்டுனாங்க."

"காணாமப் போனா கை தட்டுவாங்களா கண்ணு?"

"ஆராய்ச்சி பண்ற காலேஜ்காரங்க கேட்டு, ஒடம்புக்குள்ள கரையுற நூல்ல ரத்தக் குழாய்க்குன்னு பின்னுனதுங்க. பென்சில் தடிமன்தான் இருக்கும். போன வருசம் சோதனைக்கு ஒரு ஆட்டுக்குட்டிக்கு வெச்சாங்க. இப்ப ஸ்கேன்ல பாத்தா நூலெல்லாம் கரைஞ்சிருச்சு. அந்த எடத்துல ஆட்டோட சொந்தக் குழாயே வளந்திருக்குதுங்க."

வெளியே தூறல். நனைந்த கண்ணாடியில் தெருவிளக்குகள் மெல்ல மிதந்து போயின.

"ஆடு வளந்தா, அதுவும் கூட வளருமா?" என்றார் மூத்தவர்.

"வளரும்னுதான் சொல்றாங்க. இப்ப அது ஆட்டோட சதைதானுங்களே."

"என்ற பொண்ணுக்கு மூணு வயசுல நெஞ்சுல வெச்ச குழாய் பிளாஸ்டிக்கு. அவ வளந்துட்டா, அது வளரலை. அடுத்த மாசம் மறுக்கா நெஞ்சத் தொறக்கோணுமாம்."

இளையவரின் சிரிப்பு அடங்கியது. "அதுக்குள்ள இது வராதுங்கக்கா. மனுசங்களுக்கு வர இன்னும் எத்தனையோ வருசமாகும்."

"தெரியுது கண்ணு."

பேருந்து இரண்டு நிறுத்தங்களைக் கடந்தது.

"அந்த ஆடு இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டார் மூத்தவர்.

"மத்த ஆடுகளோட மேயுதுங்க. எதுன்னே கண்டுபுடிக்க முடியல."

மூத்தவர் சொன்னார்: "அந்த ஆட்டோட ஒரு போட்டோ வாங்கிட்டு வா கண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால அவகிட்டக் காட்டோணும்."