மார்ஃபின் மாத்திரைகளைத் திரும்பக் கேட்டு

என் பெயர் ஜான்சி, வயது 48, கணவர் பெயர் டேனியல். பொழிச்சலூரில் வசிக்கிறேன். தனியார் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கிறேன்.

என் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய். அது ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவிய பிறகு, இனி குணப்படுத்த முடியாது, வலியைத்தான் குறைக்கலாம் என்று சொல்லி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பின் நர்ஸ் அஞ்சலி வீட்டுக்கே வந்து, மருத்துவர் எழுதிய மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கச் சொன்னார். அதுவரை தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்த என் கணவர், அதன் பிறகு படுத்துத் தூங்கினார்.

கூடுவாஞ்சேரியில் இருக்கும் கணவரின் தம்பி ஜோனத்தான் போன வாரம் வந்து எங்களுடன் தங்கினார். "அண்ணி, போதை மாத்திர குடுத்து அண்ணன மயக்கத்துலயே வச்சிருக்கீங்க. முழிச்சிருந்தா சாப்பிடுவாரு, சாப்ட்டா தேறிடுவாரு" என்றார். தூக்கத்துக்குப் பெரும்பாலும் நோயே காரணம் என்று விளக்கினேன். அவர் ஏற்கவில்லை. அப்போது விழித்திருந்த என் கணவர், "டேய், போதை வேணும்னா நான் டாஸ்மாக் போயிருக்க மாட்டேனா? இதுல மலச்சிக்கல்தான்டா வருது" என்றார். ஜோனத்தான் சிரிக்கவில்லை.

இன்று காலை நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, ஜோனத்தான் மாத்திரைகள் அனைத்தையும் இந்தக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, என் மீது புகார் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். அதன் பின் நிலையத்திலிருந்து அழைத்ததால், அவரைக் கணவர் அருகே இருத்திவிட்டு வந்தேன். மருத்துவரின் சீட்டைக் காட்டினேன். நிலைய எழுத்தர் படித்துப் பார்த்து, "சீட்டெல்லாம் கரெக்டா கீது மேடம். ஆனா இன்ஸ்பெக்டர் ஐயா பந்தோபஸ்து போயிருக்காரு, அவரு வராம நான் குடுத்தா பேஜாராயிடும்" என்றார். இந்த மாத்திரை சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது. ஒரு வேளை ஏற்கெனவே தவறிவிட்டது.

ஜோனத்தான் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் சொல்லவில்லை. அவர் மீது நடவடிக்கையும் கோரவில்லை. மாத்திரைகளைத்தான் கேட்கிறேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. "அண்ணி, குடுத்துட்டாங்களா? சீக்கிரம் எடுத்துட்டு வாங்க, என்னால பாக்க முடியல." கைப்பேசியை எழுத்தரிடம் கொடுத்தேன். அவரும் காதில் வைத்துக் கேட்டார். பேசியவர் புகார்தாரர் ஜோனத்தான் என்று அடையாளம் சொல்கிறேன். பின்னால் கேட்ட சத்தம் என் கணவருடையது.

நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. படித்துப் பார்த்தேன், எல்லாம் உண்மை. இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை.

(ஒப்பம்) ஜான்சி