வலது பக்கத்து அம்பு

— ஏனுங்க அருண்பாண்டி, கம்ப்யூட்டர்ல இந்த வலது பக்கத்து அம்பு செத்துப்போச்சுங்களா? அமுக்கி அமுக்கி வெரலே நோவுது, ஒரு எழுத்து நகர மாட்டேங்குது.

— தள்ளுங்க ரத்தினசாமி சார், பாக்குறேன். இடது அம்பை எத்தனை தடவ அமுக்குனீங்க?

— எண்ணிட்டா இருந்தேன்? போன வாரம் ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசர் பனியன் அளவு சீட்டையே அழிச்சுப்போட்டு மொதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரல்லங்க, அதுக்கப்பறந்தான நீங்க இந்த ரெண்டு அம்பையும் வெச்சுக் குடுத்தீங்க? இடதை அமுக்குனா பழசு திரும்பி வரும், வலதை அமுக்குனா திருத்துனது மறுக்கா வரும். அப்படித்தான சொன்னீங்க?

— அப்படித்தான் சார். இது யாரு சொன்ன வாக்குமூலம்?

— நம்ம ஆஸ்டல் புள்ள நாகஜோதி சொன்னதுங்க. நம்ம பனியனை வாங்கற வெளிநாட்டு பையர் கம்பெனிக்காரம்மா ஆடிட்டுக்கு வந்து, மொழி சொல்ற பொண்ணோட கான்ஃபரன்ஸ் ரூம்ல உக்காந்திருக்குது. புள்ளைங்க சொன்னதை எழுத்துல பாக்கோணுமாம். புள்ளைங்க குறை கேக்கற நம்ம வெல்ஃபேர் அம்மிணிக்குக் கூறே இல்லீங்க, அந்தப் புள்ள சொன்னதை அப்படியே அடிச்சு வெச்சுப்போட்டுது. காலையில இருந்து உக்காந்து வரிக்கு வரி நான் திருத்துனேன்.

— பெறகு?

— பெறகென்னங்க, அந்தக் கழுதை என்னதான் சொல்லியிருந்துச்சுன்னு இன்னொருக்கா பாக்கலாமுன்னு பின்னால போனேன்.

— போயி என்ன அடிச்சீங்க?

— ஒண்ணும் அடிக்கலீங்க! முருகன் மேல சத்தியமா.

— உச்சியில "உ"ன்னு ஒண்ணு இருக்கே சார்.

— அட, அது புள்ளையார் சுழிங்க. அதைப் போயி அடிச்சதுங்கறீங்களே! எந்தத் தாளைத் தொட்டாலும் கை தானா போட்டுரும்.

— போச்சு சார். பின்னால போயி நின்னுக்கிட்டுப் புதுசா ஒரு எழுத்து போட்டாலும், முன்னால இருந்ததெல்லாம் அழிஞ்சிரும். நடுவுல சேவ் பண்ணலையா?

— அம்புதான் இருக்குதேன்னு பண்ணலீங்க. நீங்க வெச்ச அம்புதான, நீங்களே கொண்டாங்க.

— இல்லாததை எங்கிட்டுருந்து சார் கொண்டாரது?

— அப்ப மறுக்கா அடிங்க. கேட்டுக்குங்க. ஆஸ்டல் கேட்டு தொறந்தே இருக்கும். நெனச்சப்ப ஊட்டுக்குப் போன் பேசலாம். லீவு கேட்டா அன்னிக்கே குடுப்பாங்க. எனக்கு இங்க ஒரு குறையுமில்லை. இந்த நாலு வரிதான், பத்து நிமிசம். அதுவரைக்கும் அந்தம்மாளுக்கு எளநி வெட்டிக் குடுத்துப் பேசிட்டிருக்கறேன்.

— இதை நான் அடிக்கணுமா சார்? "அம்மாவுக்கு ஆபரேசன், மூணு மாசமா லீவு கேக்கிறேன், கேட்டைத் தாண்ட விடமாட்டேங்கிறாங்க"ன்னு கண்ணு முன்னாடி எழுதியிருக்கு.

— ஏனுங்க தம்பி, உங்க டிகிரி, மார்க் சீட்டு அத்தனையும் என்ற பீரோவுலதான இருக்குது? ரெண்டு வருசம் இங்கயே இருப்பேன்னு பாண்டு எழுதிக் குடுத்தீங்க. முடிஞ்சதும் பத்திரமா வாங்கிட்டுப் போங்க. நடுவால பீரோ சாவி தொலைஞ்சுபோச்சுன்னா நான் பொறுப்பில்லீங்க. அட, நாகஜோதியா? வா கண்ணு, உள்ள வா. அண்ணன் அடிச்சுக் குடுப்பாரு, கையெழுத்துப் போட்டுரு. நான் வந்தர்றேன்.

— அண்ணே, இதுல இருக்கிறது நான் சொன்னதுதானே! அப்படியே இருக்கு!

— படிக்காத தாயி. பத்து நிமிசத்துல மாறிரும்.

— மாறிருச்சுன்னா அந்தம்மா என்னைய எதுக்குக் கூப்பிட்டுக் கேக்கப் போகுது? பேப்பரைப் பாத்துத் தலையாட்டிட்டு ஏரோப்ளேன் ஏறிரும். எங்கம்மா அங்க ஆஸ்பத்திரியில கெடக்கு. பக்கத்துப் பெட்டுக்காரவுகதான் எந்திரிச்சுத் தண்ணி குடுக்காகளாம். எனக்கு நெஞ்சே ஆறலண்ணே.

— எனக்கு மட்டும் ஆறுதா? போன மாசம் மெட்ராஸ்ல ஒரு கம்பெனியில வேலைக்குக் கூப்பிட்டாங்க. ஒரிஜினல் கொண்டான்னாங்க. இவருகிட்டப் போயி கையக் கட்டிக்கிட்டு நின்னேன். சிரிச்சாரு. அந்த வேலை போச்சு. இப்ப இதை அடிக்கலைன்னா நான் படிச்சதே இல்லைன்னு ஆயிரும்.

— அப்ப நீங்களும் உள்ளதான் கெடக்கீகளா? தெனமும் கேட்டைத் தாண்டிப் போறவரு, குடுத்து வெச்சவருன்னுல்ல நான் பொறாமப்பட்டேன்!

— கேட்டைத் தாண்டி எங்கிட்டுப் போக? ரூமுக்குப் போவேன், விடிஞ்சா இங்க வருவேன்.

— அப்ப அடிங்கண்ணே. நான் கையெழுத்துப் போடுறேன். ஒருத்தராச்சும் வெளிய போகட்டும்.

— சும்மா இரு தாயி. கொஞ்ச நேரம் சும்மா இரு.

— அழுகாதீகண்ணே. சார் வந்துருவாரு.

— பிரிண்டர்ல தாள் வையி.

— எதுக்குண்ணே? இன்னும் நீங்க ஒண்ணுமே...

— அடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன். கேள்வி கேக்காம வையி.

— ஆச்சுங்களா அருண்பாண்டி? ரெண்டு எளநி ஆயிப்போச்சு, அந்தம்மா வாட்சைப் பாக்குது. எங்கீங்க அந்தப் புள்ள?

— கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருச்சு சார்.

— சொன்னா கேட்டுக்கற புள்ளதானுங்க. பேப்பரைக் குடுங்க, நானே கொண்டு போறேன்.

— அதுவே கொண்டு போயிருச்சு. பின்வாசல் வழியா, கான்ஃபரன்ஸ் ரூமுக்கு.

— பரவால்லீங்க, ஒரு வேலை மிச்சம். நாலு வரி அடிச்சீங்கல்ல?

— அடிச்சேன் சார். அந்தப் புள்ள சொன்னதுல ஒரு எழுத்தைத் தொடலை. அதுக்குக் கீழ என் பேரு, என் பாண்டு, உங்க பீரோன்னு நாலு வரி அடிச்சு, நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்.