சமநிலையைக் கலைத்துப் பிறந்தவள்

அவையைத் தலைமையேற்று நடத்தும் பெருமதிப்பிற்குரிய ஐயா கோமதிநாயகம் அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் மூத்தோர்களே! தோலும் துணியும் தைத்துத் தைத்தே இந்தத் தாராவியைத் தலைநிமிர வைத்த தோழர்களே! எல்லோருக்கும் மேலாக, வயிற்றில் ஓர் உயிரைச் சுமந்தபடி படியேறி வந்து அமர்ந்திருக்கும் நாற்பது தாய்மார்களே! மாட்டுங்காவிலிருந்து வந்திருக்கும் அறிவியல் வாத்தியார் ஜகந்நாதனின் அன்பு வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

கர்ப்பிணிகளுக்கான உடலறிவு வகுப்பைத் தொடங்கி வைக்க என்னை அழைத்திருக்கிறீர்கள். ரிப்பனை வெட்டிவிட்டு ரயிலேறியிருக்கலாம். ஆனால், இந்த வகுப்பு எப்படிப் பிறந்தது என்று சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஆறாது.

சென்ற ஆண்டு, படிப்பைப் பாதியில் விட்ட பெண்களுக்கு இதே மண்டபத்தில் சனிக்கிழமை பிற்பகல்களில் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நடத்தினேன். வந்தவர்களில் ஒருத்தி பொன்செல்வி. பை தைக்கும் பட்டறையில் வேலை. அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்குக் காவலாகப் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் அவள் கணவனின் அக்கா கனகவள்ளி. முதல் நாளே என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "நான் இவளுக்குத் தொணைக்கு வந்திருக்கேன் சார். என்னைய எந்திரிக்கச் சொல்லிக் கேள்வி கேட்ராதீங்க!"

ஒரு சனிக்கிழமை, பாடம் உடலின் சமநிலை. என்ன முழக்கம் முழங்கினேன் தெரியுமா! "மே மாத வெயிலில் தாதர் பாலம் ஏறுகிறீர்கள். உடல் கொதிக்கிறதா? வியர்வை வருகிறது, குளிர்விக்கிறது! உடம்பில் தண்ணீர் குறைகிறதா? தாகம் வருகிறது, குடிக்க வைக்கிறது! ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறதா? இன்சுலின் வருகிறது, இறக்கி வைக்கிறது! கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும்! இதற்குப் பெயர் எதிர்ப் பின்னூட்டம்!" கைதட்டினார்கள். நானும் பூரித்துப் போனேன்.

அப்போது பொன்செல்வி கையைத் தூக்கினாள். "சார், எல்லாத்தையும் பழைய நெலமைக்கே கொண்டு வந்துரும்னா, வயித்துல இருக்க புள்ள எப்படி வெளிய வரும்? வலி வந்தா, ஒடம்பு அதையும் கொறச்சிப் போட்றாதா?"

முப்பத்தோரு ஆண்டுகள்! எத்தனை ஆயிரம் மாணவர்கள்! ஒருவராவது இதைக் கேட்டதுண்டா? இல்லை! அந்தப் பொன்னான கேள்விக்கு நான் சொன்ன பதில் என்ன? "அது பரீட்சைக்கு வராதும்மா."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள்! பெண்கள் நடுவே பிரசவத்தைப் பற்றிப் பேச எனக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்குப் பரீட்சையின் மேல் பழியைப் போட்டேன். பொன்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்குப் போய் என் மனைவி விஜயலட்சுமியிடம் சொன்னேன். அவள் காபியைக்கூடக் கையில் தரவில்லை, மேசையில் வைத்தாள். "ஏன்னா, அந்தப் பொண்ணு பயந்துபோய்க் கேட்டிருக்கா. அது உங்களுக்குப் புரியலையா?"

புரிந்தது. அடுத்த சனிக்கிழமை, வகுப்பின் முன் நின்று மன்னிப்புக் கேட்டேன். கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்தேன். "அம்மா பொன்செல்வி, உடம்புக்கு இன்னொரு வழியும் உண்டு. அதன் பெயர் நேர்ப் பின்னூட்டம். குழந்தையின் தலை கருப்பையின் வாயை அழுத்துகிறது. சேதி மூளைக்குப் பறக்கிறது. மூளை ஆக்ஸிடோசின் என்ற சுரப்பை அனுப்புகிறது. கருப்பை இறுகுகிறது. தலை இன்னும் அழுத்துகிறது! இன்னும் சேதி! இன்னும் சுரப்பு! இன்னும் இறுக்கம்! ஏறுகிறது, ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது! எதுவரை? குழந்தை வெளியே வரும்வரை! பிள்ளை வந்தால் அழுத்தம் போச்சு. வட்டம் அறுந்தது!"

பேசவே மாட்டேன் என்ற கனகவள்ளி வாய் திறந்தார்: "புள்ள வந்த பொறவு அந்தச் சொரப்புக்கு வேலை இல்லியா சார்?"

"உண்டும்மா! குழந்தை பால் குடிக்கக் குடிக்க அது மறுபடியும் ஊறும். பாலையும் இறக்கும். கருப்பையையும் சுருக்கும். ரத்தப்போக்கு குறைய அதுவும் ஒரு துணை."

ஆகஸ்டு மாதம். அடைமழை. நண்பகல். பொன்செல்விக்கு வலி கண்டது. கனகவள்ளி அவளை டாக்ஸியில் ஏற்றினார். ஓட்டியவர் வடாலாக்காரர் அபுதாஹிர். சயான் மருத்துவமனைக்குச் சற்று முன்னால் வண்டிகள் நின்றன, நின்றவை நின்றவைதான்! அபுதாஹிர் ஹாரனை அழுத்தி அழுத்தி அலுத்துப்போய்க் கத்தினார்: "அரே, டெலிவரி கேஸ் ஹை! வழி விடுங்கய்யா!"

வழி இருந்தால்தானே விடுவதற்கு? வலி ஏறியது. கனகவள்ளி பதறினார்: "ஏட்டி, கொஞ்சம் பொறுத்துக்கடி! அடக்கிக்கடி!"

அடக்கச் சொன்னவருக்கு, அந்த வலியின் நடுவே பொன்செல்வி சொன்னாள்: "மதினி, இது அடங்காது. ஏறத்தான் செய்யும். சார் வட்டம் போட்டாருல்லா? ஒடம்பு சரியாத்தான் செய்யிது. பயப்படாதீய!"

கேட்டீர்களா தாய்மார்களே! வலி குறைந்ததா? குறையவில்லை. பயம் குறைந்தது! 'எனக்கு ஏதோ கெட்டது நடக்கிறது' என்ற பயம் போய், 'நடக்க வேண்டியது நடக்கிறது' என்ற தெம்பு வந்தது!

அபுதாஹிர் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைத் திருப்பிவிட்டு இறங்கினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து துப்பட்டாக்களால் திரை பிடித்தார்கள். அந்த வண்டிக்குள்ளேயே ஒரு பெண்மகவு பிறந்தது!

கைதட்டுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள், ரத்தம் நிற்கவில்லை. கனகவள்ளியின் பையில் ஒரு தேன் பாட்டில் இருந்தது. பிறந்த குழந்தையின் நாவில் முதலில் தேனைத் தொட்டுச் சேனை வைப்பது அவர்கள் குடும்ப வழக்கம். அதன் பிறகுதான் தாய்ப்பால். பாட்டிலை வெளியே எடுத்தார். பொன்செல்வியின் முகம் வெளுப்பதைப் பார்த்தார். பாட்டிலைச் சீட்டில் எறிந்தார்! குழந்தையைத் துடைத்து, தொப்புள்கொடியோடு அப்படியே தாயின் மார்பில் சேர்த்தார். "குடிக்கட்டும்ட்டி! இவ குடிச்சாத்தான் ஒனக்கு உள்ள சுருங்கும்!"

ஒருவழியாகப் போக்குவரத்து நகர்ந்தது. மருத்துவமனையில் ஊசி போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். உயிரைக் காப்பாற்றியவர்கள் மருத்துவர்களே. அந்தப் பெருமையில் நான் பங்கு கேட்க மாட்டேன். ஆனால் அங்கிருந்த நர்ஸ் கேட்டாராம், "குழந்தையை உடனே மார்பில் போடணும்னு யார் சொன்னது? நல்ல வேலை செஞ்சீங்க." கனகவள்ளி என்ன பதில் சொன்னார் தெரியுமா? "படிச்சேம்மா!"

படித்தேன் என்றார்! துணைக்கு வந்தவர் சொன்னார்! இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தானே நாங்கள் காலமெல்லாம் சாக்பீஸ் தூளைச் சுவாசிக்கிறோம்!

அந்தக் குழந்தைக்கு இப்போது பத்து மாதம். பொன்செல்வி தேர்வு எழுதினாள், தேறினாள். தேறியவள் சும்மா இருந்தாளா? குடிசை குடிசையாக, கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி உங்கள் நாற்பது பேரையும் திரட்டியவள் அவள்தான்! 'நீங்களே பாடம் எடுங்கள் சார்' என்றாள். மறுத்துவிட்டேன். அந்த வட்டத்தை நான் வரைந்து காட்டத்தான் முடியும். அதற்குள் போய்த் திரும்பி வந்தவள் அவள்!

ஆகவே, அன்பான தாய்மார்களே, கூச்சத்தை வாசலில் விட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். இவள் எதையும் தள்ளிவிட மாட்டாள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், வாய்ப்பளித்த தலைவர் ஐயாவுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. நான் கீழே இறங்கிக் கடைசி வரிசையில் உட்காரப் போகிறேன். மேடைக்கு வாம்மா, பொன்செல்வி டீச்சர்! வணக்கம்!